முன்பக்கத்து வலது கதவு

எனக்கு என்ன வேலை என்று என் மாமியாருக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. "பெரியவ கவர்மென்ட் ஆபீசுல இருக்கா, சின்னவ பறக்குறா" என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். பெரியவள் நான். சின்னவள் என் கொழுந்தனின் மனைவி, என் ஓர்ப்படி. நான் இருக்கிறேனாம், அவள் பறக்கிறாளாம். ஒரே மூச்சில் இரண்டு மருமகள்களையும் எடை போட்டு முடித்துவிடுவார்.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. நான் வேலை பார்ப்பது நாட்டின் சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையத்தில். எந்தக் கம்பெனி பறக்கலாம், எது தரையிலேயே நிற்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் நாங்கள். அதில் என் பிரிவு, பயணிகள் உட்காரும் பகுதி. கதவு, பெல்ட், தீயணைப்பான், பணிப்பெண்களின் பயிற்சி எல்லாம் என் தலையில். விமானத்தில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிட முடியுமா என்ற ஒரே கேள்வியோடு பல வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். நாங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்காக யாரும் யாரையும் பாராட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சின்னவளின் கதை வேறு. அவள் விமானப் பணிப்பெண். வீட்டுக்குள் வரும்போதே ஒரு வாசனை வரும். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தாலும் கொண்டையிலிருந்து ஒரு முடி விலகியிருக்காது. எனக்கோ பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகம் எண்ணெய் வழியும். அவள் சிரித்தால் மாமியாருக்கு முட்டி வலி போய்விடும். நான் மருந்தே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாலும், "அங்க வச்சிட்டுப் போ" என்பதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். சமைப்பது நான், பரிமாறுவது மாமியார். முதல் கரண்டி எப்போதும் சின்னவள் தட்டில்தான் விழும். பாவமாம், வானத்தில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்ணாம். காலையிலிருந்து நான் அடுப்படியில் நின்றதெல்லாம் நிற்பதில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது? வயிறு எரிகிறது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரியும், மாத்திரை போட்டுக்கொள்வேன். "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை" என்று என் கணவர் அடிக்கடி எடுத்துவிடுவார். குற்றம் பார்க்கத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள் என்று நானும் சளைக்காமல் திருப்பிச் சொல்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவள் பழைய கம்பெனியை விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு விமானக் கம்பெனியில் பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவியாகச் சேர்ந்தாள். கம்பெனிக்கு விமானம் வந்துவிட்டது, வண்ணமும் அடித்தாகிவிட்டது. எங்கள் ஆணையத்தின் உரிமம் ஒன்றுதான் பாக்கி. முதல் விமானத்தில் முதல் வரிசையில் மாமியாருக்கு ஓர் இருக்கை என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். மாமியார் அதுவரை விமானம் ஏறியதே இல்லை. அன்றைக்கே ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்து, கூடத்தின் மூலையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தினமும் ஆபீசுக்குப் போக வேண்டும். அது என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குத் தோன்றும்.

உரிமம் தருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை உண்டு. விமானத்தை ஹேங்கர் என்கிற பெரிய கொட்டகையில் நிறுத்தி, பணிப்பெண்களைப் பெல்ட் போட்டு அவரவர் இடத்தில் உட்கார வைப்போம். திடீரென்று மின்சாரத்தை நிறுத்துவோம். அவசர விளக்கு எரிந்த உடனே அவர்கள் எழுந்து, கதவைத் திறந்து, பயணிகள் வழுக்கி இறங்குவதற்காகக் காற்றடைத்துக்கொண்டு விரியும் பெரிய சறுக்கை வெளியே இறக்கிவிட வேண்டும். பதினைந்து வினாடிக்குள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான்கு கதவில் இரண்டுக்கு வெளியே நாங்கள் சிவப்பு விளக்கு வைத்துவிடுவோம். சிவப்பு எரிந்தால் அங்கே நெருப்பு என்று அர்த்தம், அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. எந்தக் கதவில் விளக்கு என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கதவில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியில் கை வைக்க வேண்டும்.

அவள் என் ஓர்ப்படி என்று இயக்குநரிடம் நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். ஆனால் வேறு யாரையும் அனுப்பிவிடாதீர்கள் என்கிற தொனியில் சொன்னேன். எங்கள் ஆணையம் சின்னது, இந்தச் சோதனையை நடத்தத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். இன்னொருவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். மனிதர் நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவரும் கூட இருப்பார், பரவாயில்லை, போங்கள் என்றார் இயக்குநர்.

சோதனைக்கு எந்தப் பணிப்பெண்கள் என்று அன்றைய காலையில் தேர்ந்தெடுப்பது நாங்கள். சின்னவளின் பெயரை நான்தான் எடுத்தேன். அவளை முன்பக்கத்து இடது கதவில் உட்கார வைத்ததும் நான்தான். அந்தக் கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கை வைக்கச் சொன்னதும் நான்தான். எல்லாம் விதிப்படி. விதிக்குள்ளே ஒரு மனுஷிக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கீழே முதலாளியும் மற்ற பெரிய தலைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது, நல்ல பெயர் வாங்குகிற அவசரத்தில், அவள் வெளியே பார்க்காமல் கதவைத் திறந்துவிடுவாள். அது என் கணக்கு. அதை என் பேனாவால் எழுத வேண்டும். அது என் ஆசை.

அன்று முழுக்க அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டிருந்தால் அதுவும் பிடித்திருக்காது.

பின்பக்கத்துக் கதவுகளைக் கடிகாரம் பார்த்துக்கொண்டார். நான் முன்னால் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றேன். இடதுபக்கம் சின்னவள். வலதுபக்கம் வேறொரு கம்பெனியில் நிறைய வருஷம் பறந்துவிட்டு வந்த ஒரு பெண். இந்த மாதிரிச் சோதனை அவளுக்குப் புதிதில்லை. ஏற்கெனவே பலமுறை பார்த்தவள் என்பதால் எல்லோரும் அவளை அனுபவசாலி என்றே கூப்பிட்டார்கள்.

மின்சாரம் நின்றது. அவசர விளக்குகள் எரிந்தன.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தேன். சின்னவள் பெல்ட்டைக் கழற்றினாள், எழுந்தாள், கதவுப் பக்கம் திரும்பினாள். கை கைப்பிடியை நோக்கிப் போனது. திற, திற என்று என் மனசு சொன்னது. அவள் கை பாதியிலேயே நின்றது. ஜன்னலில் முகத்தை வைத்து வெளியே பார்த்தாள். சட்டென்று திரும்பி, கதவை முதுகால் மறைத்து, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "இங்க வழியில்ல! அந்தப் பக்கம் போங்க!" என்று காலி இருக்கைகளைப் பார்த்துக் கத்தினாள். ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்துக் கத்த வேண்டும் என்பதும் விதிதான். கத்தும்போதுகூட அவள் அழகாக இருந்தாள். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைக்காதா என்று அவள் கையையும் காலையும் நான் தேடிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் கதவு திறந்தது. சறுக்கு புஸ்ஸென்று விரிந்து தரையைத் தொட்டது. கீழே கைதட்டல் கேட்டது.

பதினைந்து வினாடி ஆகவில்லை. பின்பக்கமும் சரியாக இருக்கிறது என்று கடிகாரம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். முதலாளி படியேறி வந்து என்னைப் பார்த்தார். பாஸ் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு, என் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சின்னவள் திரும்பி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக அக்கா என்றாள்.

"அக்கா, வலது கதவை அவ வெளிய பாக்காமலே திறந்தா. நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"அப்புறம் எப்படிப் பாஸ்னு சொன்னீங்க?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதுதான் என்னை மடக்கியது. பார்த்தேன் என்றால் நான் வேலைக்குத் துரோகம் செய்தவள். பார்க்கவில்லை என்றால் குருடி. இரண்டு பதிலுக்கும் வெளியே சிவப்பு விளக்கு. ஊரில் உள்ள பணிப்பெண்களையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நான், இப்போது அவள் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பாக்கல" என்றேன் கடைசியில். "உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன்."

"அது தெரியும்க்கா" என்றாள் அவள். "நான் அந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என்னையேதான் பாத்துட்டு இருக்கீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அவள் மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. இவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் சிரித்த முகமாக வந்து போயிருக்கிறாள்.

இது உன் கம்பெனி, தோற்றால் உனக்குத்தானே கெட்ட பெயர், எதற்கு என்னிடம் வந்து சொல்கிறாய் என்று கேட்டேன். கேட்கும்போதே அதற்கும் அவளிடம் நல்ல பதில் இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"முதல் விமானத்துல அத்தை வர்றாங்கக்கா. முதல் வரிசை. அந்த வலது கதவுக்குப் பக்கத்துலதான் அவங்க சீட்டு." குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு மட்டும் எங்க முதலாளிக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

அதை அவள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பைப் பற்றி ஒருவர் வந்து சொன்னால், சொன்னவர் யாரென்று எங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் அடுத்த ஆள் வாய் திறக்க மாட்டார். அதை நானே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் எல்லாக் கதவிலும் நின்று பார்க்க முடியாது. பார்க்கிறவர்கள் பயமில்லாமல் வந்து சொல்வதால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

கீழே இறங்கி, நான்கு பேரையும் கூப்பிடச் சொன்னேன். சோதனை முடிந்த பிறகு கேள்வி கேட்பதும் வழக்கம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்பக்கத்துப் பெண்களிடமிருந்து தொடங்கி, ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருத்தி வெளியே நின்ற நீல ஏணி என்றாள், இன்னொருத்தி சிவப்பு விளக்கு என்றாள். சின்னவளும் சிவப்பு விளக்கு என்றாள். அடுத்து அனுபவசாலியின் முறை வந்தது.

"அந்தப் பக்கம் வழியில்லன்னு கத்துனாங்க மேடம். டெஸ்ட்ல எப்பவும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு பாதிக் கதவுதானே மூடுவீங்க? அது மூடியிருந்தா இது திறந்துதானே இருக்கும்?"

கணக்கு சரிதான். சோதனைக்குச் சரி. நெருப்புக்குப் பாதிக் கதவுக் கணக்கெல்லாம் தெரியாது. பல சோதனைகளைப் பார்த்துப் பார்த்து அவள் எங்களைப் படித்து வைத்திருந்தாள், வெளியே பார்க்கத்தான் மறந்துபோனாள். நான் மட்டும் என்ன செய்தேன்? அவளாவது ஒரு ஜன்னலைத்தான் பார்க்கவில்லை. நான் ஒரு முழுக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பாஸ் என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எல்லோருக்கும் மறுபடி பயிற்சி கொடுத்துவிட்டு, மறுபடி சோதனைக்கு வர வேண்டும். அதுவரை பறக்கக் கூடாது. முதலாளியின் முகம் இஞ்சி தின்றது போல ஆனது. இப்போதுதானே பாஸ் என்றீர்கள், அப்போது நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டார். கேள்வி கேட்டு உறுதி செய்துகொள்வது எங்கள் வழக்கம் என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் இல்லை. சின்னவள் ஹேங்கரின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இயக்குநரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். உத்தமி என்பதால் இல்லை, நான் எந்தப் பக்கம் திரும்பி நின்றேன் என்பதைப் பின்னாலிருந்து கடிகாரம் பார்த்திருந்தார். மறு சோதனைக்கு வேறு நாட்டு ஆணையத்திலிருந்து ஆளைக் கூப்பிடலாம், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றார் இயக்குநர். யானைக்கும் அடி சறுக்கும் என்று கடிகாரம் ஆறுதல் சொன்னார். என் உடம்பை வைத்துச் சொன்னாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை மாமியார் என்னோடு பேசவில்லை. பெட்டியோடுதான் பேசினார். அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம், "உனக்குக் கொடுத்து வைக்கல" என்று எனக்குக் கேட்கிற மாதிரி அதனிடம் சொல்வார். யாருக்கோ கண் உறுத்துகிறது என்பார். யாருடைய கண் என்று சொல்ல மாட்டார்.

ஞாயிறு மதியம் எல்லோரும் உட்கார்ந்தோம். கொழுந்தன்தான் ஆரம்பித்தான்.

"ஏன் அண்ணி, ஒரு ஜன்னலைப் பாக்கலங்கறதுக்கா இவ்வளவு பெரிய தண்டனை?"

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, உன் பெண்டாட்டிதான் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் என் தலையில் இருக்கும் பழியெல்லாம் இறங்கிவிடும். ஆனால் கொழுந்தனிடம் ஒன்று சொன்னால் ஊருக்கே மைக் வைத்துச் சொன்னதற்குச் சமம். அவனும் அந்த முதலாளியும் ஒரே மைதானத்தில் பந்தாடுகிறவர்கள். சின்னவளுக்கு வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு தட்டைத் துடைத்தேன்.

அப்போது சின்னவள் சொன்னாள்.

"அத்தை, அன்னிக்கு அக்கா மட்டும் இல்லன்னா, அந்தக் கதவுக்குப் பக்கத்துல நீங்க உக்காந்திருப்பீங்க. வெளிய நெருப்பு இருந்தாக்கூட அந்தப் பொண்ணு திறந்திருப்பா. அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது அத்தை."

மாமியார் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். அவர் மனசில் அந்தக் கதவு திறந்தது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பெரியவ கண்ணு கண்ணுதான்" என்றார். முதல் கரண்டி என் தட்டில் விழுந்தது. இரண்டாவதும் என் தட்டில்தான் விழுந்தது.

இந்தக் கரண்டிக்காகத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். அது வந்தது, சின்னவள் கைகாட்டி வந்தது. என்னுடையது இல்லை என்று தள்ளவும் முடியாது, ஏன் இல்லை என்று சொல்லவும் முடியாது. என் ஆணையத்தின் விதியே என் கழுத்தைப் பிடித்து உட்கார வைத்தது. இதைக்கூட இவள்தான் எனக்குத் தர வேண்டுமா? இவளிடம் இல்லாதது, இவளால் கொடுக்க முடியாதது என்று உலகத்தில் ஒன்று கூடவா எனக்கு மிச்சம் இல்லை?

மாமியார் இன்னும் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டுமாம், இந்த ஆபீஸ் வேலை எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் தெரிகிறதாம். கரண்டி என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே சின்னவளின் தட்டு காலியாக இருந்தது. அவள் அந்தக் கரண்டியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். உதடு கொஞ்சம் இறுகியது, பார்வை கரண்டி போகிற பக்கமெல்லாம் போனது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த இடத்தில் உட்கார்ந்து நான் வைத்துக்கொண்டிருந்த முகம். கொடுத்தது அவளே என்றாலும், கொடுத்த பிறகு அவளுக்கும் எரிந்தது.

எனக்கு இனித்திருக்க வேண்டும். கொஞ்சம் இனிக்கவும் செய்தது. சரியாகத்தான் பார்க்கிறேனா என்று இன்னும் உற்றுப் பார்த்தேன். அவள் நிமிர்ந்தாள், என்னைக் கண்டாள். அந்த இறுகிய உதட்டில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"சாப்பிடுங்கக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "இன்னமும் என்னையேதான் பாத்துட்டு இருக்கீங்க."

நான் குனிந்து என் தட்டைப் பார்த்தேன். அதில் எனக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது.